வலது முன் சக்கரம்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலேயே கெட்ட செய்தி. நாங்கள் பிரேக் செய்து கொடுத்த புது மாடல் கார் கீச்சிடுகிறதாம். கார் கம்பெனிக்காரர்கள் முப்பத்தேழு புகாரைத் தொகுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர், "சிக்னலில் நின்றால் நாய் குரைக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் கல்யாண மண்டப வாசலில் காரை நிறுத்தினாராம், நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு அவரையே முறைத்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மேனேஜர் பத்ரி சாரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஸ்டெல்லா, உங்க கம்ப்யூட்டர் மாடல் என்னம்மா சொல்லுது?"

"சுத்தமா இருக்கு சார். ஒரு இடத்துல கூட நேர்க்குறி வரல."

என் பிழைப்பு இதுதான். பிரேக் அழுத்தும்போது சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கும். உரசலில் எல்லாமே கொஞ்சம் அதிரும். டிஸ்க்கின் அதிர்வும் பேடின் அதிர்வும் ஒரே வேகத்துக்கு வந்து ஒன்றையொன்று தூக்கிவிட ஆரம்பித்தால் கீச்சு. பிரேக் செய்வதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். விடையில் நேர்க்குறி வந்தால் கத்தும், எதிர்க்குறி வந்தால் அடங்கிக் கிடக்கும். பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

அடுத்து டெஸ்ட் ஃபைலை எடுத்தார்கள். சோதனைக் காரை ஓட்டி, காதால் கேட்டு மதிப்பெண் போடுவது கோதண்டம். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி எல்லா நாளும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறார். கணக்கும் சுத்தம், காதும் சுத்தம் என்றால் கத்துவது எது? கோதண்டத்துக்கு நாற்பத்தெட்டு ஆகிறதே, காதை ஒருமுறை சோதிக்கலாமே என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. பத்ரி சார் அதைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மாவு இல்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து படப்பையில் இறங்கி பாக்கெட் மாவு வாங்கினேன். புளிக்கவே இல்லை, தோசை வெள்ளைக் காகிதம் மாதிரி வந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோதண்டம் நேராக என் மேசைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் காதுல இன்னா இருக்குன்னு பாக்கணுமாம் மேடம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாதாம். ரிப்போர்ட்ல எதுனா இருந்தா ஸ்டோருக்கு மாத்திடுவாங்களாம். ஸ்டோர்ல குந்திகினு போல்ட்டு எண்றதுக்கா பத்தொம்போது வருஷமா வண்டி ஓட்டினேன்?"

"சும்மா ஒரு டெஸ்ட்டுதானே, எடுத்துடுங்க" என்றேன்.

"யாரு மேடம் ஆரம்பிச்சது இத?"

"பொதுவா பேசிக்கிட்டாங்க."

அவர் போன பிறகு புகார்ப் பட்டியல் இருந்த எக்செல் ஷீட்டை அரைமணி நேரம் வெறுமனே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாடலை மறுபடி ஓட்டினேன். உரசல் கம்மி, உரசல் ஜாஸ்தி, குளிர்ந்த டிஸ்க், கொதிக்கும் டிஸ்க், மழை ஈரம் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் எதிர்க்குறி. சந்தோஷப்பட வேண்டியவள் எரிந்து எரிந்து விழுகிறேன்.

வீட்டில் வாஷிங் மெஷின் பிழியும்போது பாத்ரூம் வாசல் வரை நடந்து வருகிறது. அருள் அதைப் பிடித்துக்கொண்டே, "ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் அதிர்வு கணக்குப் போடறே, இதுக்கு ஒண்ணு போடேன் தாயே" என்றார். கட்டினவர் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் அவர், கத்தலுக்குப் பழகியவர். ஒரு அட்டையை மடித்து மெஷினின் காலுக்கடியில் செருகிவிட்டுப் போய்விட்டார். ஆட்டம் நின்றுவிட்டது, அதுவும் எனக்குக் கோபம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

புகார் வந்த கார் ஒன்றைத் தருவித்திருந்தார்கள். எங்கள் வளாகத்து சோதனைப் பாதையில் வேறு ஒருவர் ஓட்டினார். அடேயப்பா, என்ன சத்தம்! பல் கூசியது. கோதண்டம் வேலியோரம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நடந்தபோது கூடவே வந்தார்.

"மேடம், வலது முன் சக்கரம் மட்டுந்தான் கத்துது. இடது கம்முனு இருக்கு. அந்த முப்பத்தேழு புகாரையும் நல்லாப் படிச்சுப் பாருங்க."

"வெளிய நின்னு கேட்டா அப்படித்தான் இருக்கும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் வந்து படித்தேன். எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டும் வலது.

சங்கடம் என்னவென்றால், என் மாடலில் வலது சக்கரமே கிடையாது. ஒரு சக்கரத்துக்கு ஒருமுறை ஓட்டவே பதினோரு மணி நேரம் ஆகும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் இடதை மட்டும் போடுவோம். வலது அதன் கண்ணாடிப் பிம்பம்தானே, தனியாக எதற்கு? எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன்.

பேடின் ஓரத்தைச் சரிவாகச் சீவிவிடுவோம். டிஸ்க் சுழன்று பேடுக்குள் நுழைகிற ஓரத்தில் அந்தச் சீவல் இருந்தால் கீச்சு அடங்கும். இடது சக்கரத்தில் சரியாக நுழையும் ஓரத்தில் இருக்கிறது. வலது சக்கரத்தில் வெளியேறும் ஓரத்தில் இருக்கிறது. அங்கே இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த ஒரே பேட். வெளியிலிருந்து பார்த்தால் வலது சக்கரம் எதிர்த்திசையில் அல்லவா சுழல்கிறது! கம்ப்யூட்டரில் இடதைப் புரட்டிப் போட்டால் சீவலும் கூடவே புரண்டுவிடும். தொழிற்சாலை அச்சு தானாகப் புரளுமா?

"நீங்க டெஸ்ட் பண்ணப்போ இருந்த பேட் எப்படி இருந்துச்சு?" என்று கோதண்டத்தைக் கேட்டேன்.

"அப்ப அச்சு ஏது மேடம்? சாம்பிள் பேடு. நான்தான் கிரைண்டர்ல சீவினேன். இடதுக்கு இந்தப் பக்கம், வலதுக்கு அந்தப் பக்கம். சக்கரம் சுத்தற தெச பாத்துதானே சீவணும்?"

சரியாகச் செய்திருக்கிறார். அவர் ஓட்டிய கார் கத்தவேயில்லை. பத்துக்குப் பத்து நியாயமான மார்க்.

பேட் ஓரம் தப்பான பக்கம் இருப்பதைப் பத்ரி சாரிடம் சொல்லிவிட்டு, வலது சக்கரத்துக்கு முதல்முறையாகத் தனியாக மாடல் போட்டு, ஓடவிட்டு வந்திருக்கிறேன். மார்ச் மாதம் டிசைன் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்த ஞாபகம். என்ன கேட்டார்கள், என்ன பதில் போட்டேன் என்று தெளிவாக நினைவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நேர்க்குறி. ஆறாயிரத்து நானூறு ஹெர்ட்ஸில் பளிச்சென்று நிற்கிறது. திங்களன்று போனில் பதிவுசெய்த கீச்சை அலசிப் பார்த்தேன், அதுவும் அதே ஆறாயிரத்து நானூறு. வெட்கக்கேடு, ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. என் கணக்கு எவ்வளவு துல்லியம்!

மூன்று மணிக்குக் கோதண்டத்தின் காது ரிப்போர்ட் வந்தது. இடது காதில் மேல் சுருதிகள் கேட்பது குறைவு. வலது காது நன்றாக இருக்கிறது. பத்ரி சார் காகிதத்தை மேசையில் தட்டினார்.

"பாத்தீங்களா? காரணம் கிடைச்சுடுச்சு. கஸ்டமருக்கு இருபதாம் தேதிக்குள்ள பதில் போகணும். டெஸ்ட்ல கேட்டவர் காதுல கோளாறு, இனிமே மைக் வெச்சுக் கேட்போம்னு எழுதிடலாம். பேடு ஓரத்தைச் சத்தம் காட்டாம சரிபண்ணிடலாம். அவர் திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர்."

டிரைவர் உட்காருவது வலது பக்கம். கத்துவது வலது சக்கரம். அவருடைய வலது காது நன்றாக இருக்கிறது. அறையில் ஏழு பேர் இருந்தோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. என் கணினியில் இருந்த அந்த நேர்க்குறியைப் பற்றியும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். கோவிலில் நிற்க இடமில்லை. கொடியேற்றிவிட்டு அப்படியே வந்த பிள்ளைகள் நெஞ்சில் கொடி குத்தியபடி ஓடித் திரிந்தன. பூசை முடிந்து எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த மெயிலை நான் எழுதியிருக்கக்கூடாது, தாயே.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். எழுதியிருக்கிறேன்.

மார்ச் 19. டிசைன் பிரிவு கேட்டது: "இடதுக்கும் வலதுக்கும் ஒரே பேட் வைத்துக்கொண்டால் ஒரு அச்சு போதும். சத்தம் வருமா?" என் பதில், மாலை 5.41: "ஓகே. மாடலில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்." கம்பெனி பஸ் 5.45க்குக் கிளம்பும். நின்றபடியே அடித்திருப்பேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அடித்திருப்பேன். நாலு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். காது டெஸ்ட் என்று மீட்டிங்கில் முதலில் சொன்னது நான்தான். "அவருக்கும் வயசாகுது சார்" என்று இளித்துக்கொண்டே சொன்னேன். அவரைவிட நான் ஐந்து வயதுதான் சின்னவள்.

அருளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"தெரியல. போகலாம்."

"சொல்லலைன்னா?"

"அவர் ஸ்டோருக்குப் போவார். என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சொல்லித் தொலை ஸ்டெல்லா. பத்து நாளா இந்த மூஞ்சியோட திரியறே, என்னால பாக்க முடியல."

ஆகஸ்ட் 16, வெள்ளி

எழுத நிறைய இருக்கிறது.

காலையில் கோதண்டத்தைக் கூப்பிட்டேன். "நீங்க வண்டியத் தொடக்கூடாது. நான் ஓட்றேன். நீங்க கூடவே நடந்து வந்து கேளுங்க" என்றேன். பதினாறு வருஷத்தில் சோதனைக் காரில் நான் உட்கார்ந்ததே இல்லை. பயத்தில் முதலில் வைப்பரைப் போட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முன்னால் ஓட்டிப் பிரேக் அழுத்தினேன். வலது கத்தியது. ஐந்து முறை, ஐந்து முறையும் வலது. அப்புறம் ரிவர்ஸ் போட்டேன். பேடுதான் காரணம் என்றால், பின்னால் போகும்போது எல்லாம் தலைகீழாக வேண்டும். வலதுக்குச் சீவல் சரியான ஓரத்தில் வந்துவிடும், இடதுக்குத் தப்பாகிவிடும். மெதுவாகப் பின்னால் போய் அழுத்தினேன்.

"மேடம்! இடது! இடது கத்துது!" பக்கவாட்டில் ஓடி வந்தார். "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி!"

இன்னொரு வாட்டி. இடது கத்தியது, வலது பேசாமல் இருந்தது. கோதண்டம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பேடு போட்டுட்டாங்களா? எந்தப் புண்ணியவான் ஓகே பண்ணது?"

"நான்தான்" என்றேன். அப்போதே முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. "உங்க காத டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னதும் நான்தான்."

என்னைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். திரும்பி நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் அந்தக் காருக்குள்ளேயே ரிவர்ஸ் கியரில் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்குப் பத்ரி சார் அறை. மெயிலை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வலது சக்கரத்தின் ரிசல்ட்டை வைத்தேன். கோதண்டத்தின் ரிப்போர்ட்டை எடுத்து, வலது காது என்று போட்ட வரியில் கோடு போட்டுக் காட்டினேன்.

பத்து நிமிஷம் கத்தினார். பதினாறு வருஷ அனுபவம் என்றார், கஸ்டமர் முன்னால் தலைகுனிவு என்றார், எல்.கே.ஜி. பிள்ளை கூட இடது கால் செருப்பை வலது காலில் போடாது என்றார். எல்லாம் வாஸ்தவம். நின்று வாங்கிக்கொண்டேன். அப்புறம் தண்ணீர் குடித்தார்.

"பேடு ரெண்டு ஓரத்தையும் சீவிட்டா?"

"அடங்கிடும் சார். ரெண்டு சக்கரத்துக்கும் நேத்தே வீட்லேர்ந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலுல ஒரே நேரத்துல ஓட்டிட்டேன். எல்லாம் எதிர்க்குறி. முன்னாடி போனாலும் சரி, பின்னாடி போனாலும் சரி."

"அச்சு?"

"அதே அச்சு போதும் சார். இன்னொரு ஓரத்தையும் கிரைண்டர்ல சீவிடலாம்."

நாற்காலியில் சாய்ந்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்ட குரலில் கோபம் பாதி இறங்கியிருந்தது. "ஒரு மெமோ வரும். வாங்கிக்கோங்க. இனிமே ரெண்டு சக்கரத்தையும் ஓட்டாம உங்க கையெழுத்து எதுலயும் வரக்கூடாது."

"கோதண்டம் சார்?"

"அவர் ஏன் ஸ்டோருக்குப் போகணும்? அவர் ஒழுங்காத்தானே கேட்டிருக்காரு."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. கேன்டீனில் இரண்டு ப்ளேட் புளிசாதம் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மெமோ வந்தது. கோதண்டம் ஸ்டோருக்குப் போகவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கஸ்டமருக்குப் பதில் போனது. காரணம் என்ற கட்டத்தில் "வலது சக்கரம் தனியாகக் கணக்கிடப்படவில்லை" என்று நானே அடித்தேன். எழுதிய பிறகு மூன்று முறை படித்தேன், எதையும் மாற்றவில்லை. ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கேன்டீன் வரிசையில் கோதண்டம் எனக்கு முன்னால் நின்றார். "குட்மார்னிங்" என்றேன். தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். தட்டுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. என்மேல் தப்பு, எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு ஓரமும் சீவிய பேடுகள் வந்துவிட்டன. பத்து மணிக்குக் கோதண்டம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் மதிப்பெண் ஃபாரம்.

"வண்டி ரெடி. வர்றீங்களா?"

"நானா?"

"டாக்டரு ஓட்டலாம்னுட்டாரு. ஆனா இனிமே ரெண்டு பேர் கேட்டு ரெண்டு கையெழுத்து போடணுமாம். வலது நான் பாத்துக்கறேன். இடது எனக்குப் பத்தாது." ஃபாரத்தை நீட்டினார். "கெடுத்தது நீங்க, நீங்களே வந்து கேளுங்க."

ஓரகடம் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினார். வேகமாக வந்து அழுத்தினார், ஊர்ந்து வந்து அழுத்தினார், தண்ணீரில் நனைத்து அழுத்தினார், ரிவர்ஸில் அழுத்தினார். நான் இடது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லாத சத்தமெல்லாம் கேட்பதுபோல் இருந்தது. ஒரு இடத்தில் "ஏதோ கேட்டுச்சு, திருப்பி அழுத்துங்க" என்றேன். திருப்பி அழுத்தினார். டீக்கடை மிக்ஸி.

"பத்துக்கு எவ்ளோ?" என்றார்.

"பத்து."

"நல்லா யோசிச்சிப் போடுங்க. பஸ்ஸு ஒண்ணும் கிளம்பல."

சுருக்கென்றது. என் மெயில் எத்தனை மணிக்குப் போனது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார். இன்னும் ஐந்து முறை அழுத்தச் சொன்னேன். ஒன்றுமில்லை. பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார்.

திரும்பி வரும்போது தானாகவே பேச ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்லட்டா மேடம்? இந்த டெஸ்ட்டு எடுத்ததுல வீட்ல ஒரு சண்டை தீந்துது. சாப்ட உக்காந்தா அவ எப்பவும் எனக்கு இடது பக்கம்தான். நான் சொல்றது எதையும் காதுல வாங்க மாட்டேன்றியேன்னு நாலஞ்சு வருஷமா ஒரே ரோதனை. ரிப்போர்ட்டக் காட்னேன். இப்ப வலது பக்கம் உக்காந்துகினு, விட்டதெல்லாம் சேத்து சொல்றா."

இருவரும் சிரித்தோம். கேட்டை நெருங்கிவிட்டோம். இப்போது விட்டால் இனி வராது என்று தோன்றியது. ரோட்டைப் பார்த்தபடி, "மன்னிச்சிடுங்க கோதண்டம்" என்றேன்.

"இன்னா மேடம்? கேக்கல."

"மன்னிச்சிடுங்க."

"அந்தப் பக்கம் கேக்காத காது மேடம். சத்தமா சொல்லுங்க."

கத்தினேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

கோதண்டம் பிரேக்கை அழுத்தினார். வண்டி சத்தமே இல்லாமல் நின்றது.

"ம். இப்ப கேட்டுச்சு" என்றார்.